எஞ்சினைப் புதுப்பிப்பதா, மாற்றுவதா?

டில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர்த் தொலைவு. ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கோ குலதெய்வ வழிபாட்டுக்கோ சொந்த மோட்டார் வண்டியிலேயே ஊர் சென்று திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அப்பயணத்தோடு அன்றாட அலுவல் ஓட்டமும் சேரும்போது, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மானி இரண்டு லட்சம் கிலோமீட்டரைக் கடப்பதில் வியப்பில்லை. பின் ஒரு நாள் சைலன்சரில் நீலப் புகை தோன்றும். மேட்டில் ஏறும்போது இழுப்புக் குறையும். பட்டறைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சன் பைட் கயா" என்பார். எஞ்சின் உட்கார்ந்துவிட்டது என்பது அதன் பொருள். நம் ஊர்ப் பட்டறையில் இதையே 'படுத்துவிட்டது' என்பார்கள். உட்கார்ந்ததா, படுத்ததா, அல்லது சற்றே தலை சாய்த்ததா என்பதை அளந்து பாராமல் எவராலும் சொல்ல இயலாது. அந்த அளவை நடைபெறுவதற்கு முன்பே பணத்துக்கு ஒப்புக்கொள்வதுதான் நம்மவர் பலருக்கு நேரும் நட்டம்.

புகையை எடுத்துக்கொள்வோம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். அது எவ்வழியாக உட்புகுந்தது என்பதே கேள்வி. இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது மட்டும் ஒரு கணம் எழுந்து மறையுமாயின், குற்றம் பெரும்பாலும் வால்வுகளின் ரப்பர் சீல்களில் இருக்கும். அவை சிறு செலவில் தீரும் விஷயம். டீசல் வண்டியில் டர்போவிலிருந்து எண்ணெய் கசிந்தாலும் அதே நீலப் புகைதான் வரும். வெண்புகை விடாது வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால், சிலிண்டர் ஹெட்டின் கேஸ்கெட் பழுதாகியிருக்கக் கூடும். வாகனம் எந்நேரமும் நீலமாகப் புகைத்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்தும் குபுகுபுவென்று ஆவி அடிக்குமாயின், அப்போதுதான் பிஸ்டன் ரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் நாம் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்கும் கருவி கம்ப்ரெஷன் மானி. பெட்ரோல் எஞ்சினில் பிளக்கைக் கழற்றி அவ்விடத்தில் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால், நல்ல நிலையிலுள்ள சிலிண்டர் சதுர அங்குலத்துக்குப் பொதுவாக 150 முதல் 180 பவுண்டு அழுத்தம் காட்டும். டீசலில் அது 350-க்கு மேல் இருக்கும். வண்டிக்கு வண்டி எண் மாறும். ஆனால் ஒரே எஞ்சினின் சிலிண்டர்களுக்குள் பத்துப் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருத்தலாகாது. அழுத்தம் குறைந்த பெட்ரோல் சிலிண்டருள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால், எண் உயருமாயின் தேய்ந்தது ரிங், உயராவிடில் வால்வு. டீசல் எஞ்சினில் இவ்வாறு எண்ணெய் விடலாகாது. காற்றழுத்தம் செலுத்தி, அது எங்கே கசிகிறதென்று கேட்டறிவதே அங்கு முறை. இச்சோதனைக்குச் சில மணி நேரம் போதும். அதைச் செய்ய மறுத்து, "திறந்து பார்த்தால்தான் தெரியும்" என்று மட்டும் கூறும் பட்டறையை விட்டு நாம் வேறிடம் செல்வது நல்லது.

எண்ணெயின் அழுத்தத்தையும் தனி மானி கொண்டு பார்க்க வேண்டும். சூடேறிய எஞ்சினில் அது மிகக் குறைந்து, அடியிலிருந்து 'டொக் டொக்' என்ற ஓசையும் கேட்டால், கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகள் தேய்ந்துள்ளன. எனினும் எல்லா ஓசையும் அவ்வோசையன்று. 2020 வரை மாருதி ஸ்விஃப்ட் முதலான வண்டிகளில் வந்த 1,248 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினில் டைமிங் செயின் உண்டு. எண்ணெயைக் காலத்தில் மாற்றாதபோது அது தளர்ந்து சலசலக்கும். அதைக் கேட்டு முழு எஞ்சினையும் கழிக்கச் சொல்வோரும் உளர்.

எஞ்சின் உண்மையாகவே தேய்ந்ததென்று தெரிந்த பின்னும், பட்டறைக்கு முன் சட்டத்தை நோக்க வேண்டியவராக நாம் இருக்கிறோம். டில்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அந்நீதிமன்றமே, வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர்மேல் நடவடிக்கை எடுக்கலாகாது என இடைக்கால ஆணையிட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அப்பாதுகாப்பு பழைய மாசுத் தரத்து வண்டிகளுக்கு இல்லையென்று சுருக்கியது. மும்பையில் வாடகை வண்டிகளுக்கு 20 ஆண்டு வரம்பு இருந்ததால், பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் தெருவை விட்டு நீங்கின. தமிழ்நாட்டிலோ சொந்த உபயோகத்து வண்டியை 15 ஆண்டுக்குப் பின் தகுதிச் சோதனை செய்து, ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். எனவே டில்லியில் ஈராண்டே ஓடக்கூடிய வண்டிக்கு ஐந்தாண்டு உழைக்கும் எஞ்சினைச் செய்வது வீண். அதே வண்டியைத் தடையில்லாச் சான்று பெற்று ஊரில் மறுபதிவு செய்யும் எண்ணம் இருப்பின், அது வீணன்று.

இனி, சொந்த எஞ்சினைப் புதுப்பித்தல். சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வோர் உயரத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இருமுறையும் அளந்து, வட்டம் நீள்வட்டமாகியிருக்கிறதா என்று பார்ப்பர். தேய்வு மிகுந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, அவ்வளவுக்குரிய பிஸ்டன் போடுவர். அதற்கும் இடமில்லையேல் ஸ்லீவ் அடிப்பர். கிராங்க்கைத் தீட்டி அதற்கேற்ற பேரிங் பொருத்துவர். இவ்வளவும் லேத்துப் பட்டறையின் வேலை. மெக்கானிக் பூட்டுபவர் மட்டுமே. ஆகவே எவ்விடத்தில் கடைசல் நடக்கிறது, அளவுகளை எழுதித் தருவார்களா என்று கேட்பது நம் கடமை. ரிங்கை மட்டும் புதிதாகப் போட்டுத் தேய்ந்த சிலிண்டரில் விடும் 'சிக்கன' வேலையை நாம் பரிந்துரைப்பதில்லை. சில ஆயிரம் கிலோமீட்டரில் புகை திரும்ப வந்துவிடும்.

பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றுவது இரண்டாம் வழி. டில்லியின் மாயாபுரி, மும்பையின் குர்லா, கொல்கத்தாவின் மல்லிக் பஜார் ஆகியவை நம் புதுப்பேட்டைக்கு உடன்பிறப்புகள். வேலை இரண்டு மூன்று நாளில் முடியும் என்பது இதன் பெரிய நன்மை. வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் நம் சகோதரர்களுக்கு, வண்டி இரண்டு வாரம் பட்டறையில் கிடந்தால் அடுப்பு எரிவதே கடினம். அவர்கள் இவ்வழியை நாடுவதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த எஞ்சினும் எத்தனை லட்சம் ஓடியதென்று யாருக்குத் தெரியும்? வண்டியில் ஏற்றுமுன் அதே கம்ப்ரெஷன் சோதனையை அதற்கும் செய்விக்க வேண்டும். ரசீதும், அது கழற்றப்பட்ட வண்டியின் பதிவு நகலும் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். திருட்டு வண்டியின் எண் அதில் இருந்தால் வழக்கு நம்மேல் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, எஞ்சின் மாற்றிய 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துச் சான்றிதழில் புதிய எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும். ஊர்ப் பதிவெண்ணோடு வெளிமாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருப்போர், முதலில் அப்பதிவை மாற்றிக்கொள்வது முறை. எண் ஒவ்வாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதிப் பணம் பெறுவதும் பெரும்பாடு.

செலவைப் பற்றி ஒரு கணக்கு. பழுதுற்ற நம் வண்டி 60,000 ரூபாய்க்கு விலைபோகும், புதுப்பிக்க 80,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இந்த 1,40,000 ரூபாய்க்குச் சந்தையில் கிடைப்பது மற்றொரு பழைய வண்டி. அதன் எஞ்சினை நாம் அறியோம். நம் வண்டியின் அடித்தகட்டில் துருவில்லை, கியர்ப்பெட்டியும் ஸ்டீரிங்கும் செம்மையாக உள்ளன என்றால் புதுப்பிப்பதே இலாபம் என்பது நம் கருத்து. கொல்கத்தா, மும்பை போன்ற ஈரக்காற்று நகரங்களில் பல்லாண்டு நின்ற வண்டியாயின், லிப்டில் ஏற்றி அடிப்பாகத்தைக் கண்ணால் பார்த்த பின்னரே முடிவு செய்க.

புதுப்பித்த எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை விரட்டலாகாது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும் கூடாது. பட்டறை குறித்துத் தரும் தொலைவில், பெரும்பாலும் முதல் ஆயிரத்துக்குள்ளாகவே, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிட வேண்டும். ஊர்ப் பயணத்தை அதன் பின் வைத்துக்கொள்ளலாம்.