பறக்காத விமானத்துக்குக் கட்டிய பணம்

2023 மே 2, செவ்வாய்க்கிழமை. நாடெங்கும் கோடை விடுமுறை களைகட்டும் நேரம். ஸ்ரீநகருக்கும் லேவுக்கும் கோவாவுக்கும் மாதக்கணக்கில் முன்னதாகவே டிக்கெட் எடுத்துவைத்திருந்த குடும்பங்களின் கைபேசிகளுக்கு அன்று ஒரு செய்தி வந்தது. கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் தானாகவே திவால் மனு தாக்கல் செய்கிறது, அடுத்த சில நாட்களுக்கு விமானங்கள் இல்லை. அந்தச் சில நாட்கள் ஒரு வாரமாயின, பிறகு ஒரு மாதமாயின. கெடுவைத் தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள். அந்த நிறுவனத்தின் பயணிகள் விமானம் அதன்பின் பறக்கவேயில்லை.

டிக்கெட்டோடு கதை முடிந்திருந்தால் பரவாயில்லை. ஓட்டலுக்குக் கட்டிய முன்பணம், வண்டிக்கு உறுதி சொன்ன தொகை, அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய விடுப்பு எல்லாம் சேர்ந்து சரிந்தன. ஸ்ரீநகர், லே போன்ற தடங்களில் கோ ஃபர்ஸ்ட் விட்டுப்போன இடத்தை நிரப்ப வேறு நிறுவனங்களிடம் போதிய இருக்கைகள் இல்லை. கட்டணம் எகிறியது. ஜூன் மாதத்தில் அன்றைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா நிறுவனங்களை அழைத்து, கட்டணத்தை நீங்களே கட்டுக்குள் வையுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆக, பறிகொடுத்த டிக்கெட்டுக்கு மேல் இன்னொரு டிக்கெட்டின் விலையையும் அதே குடும்பம்தான் சுமந்தது.

ஒரு விமானம் ரத்தானால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், இல்லையென்றால் மாற்று விமானம் தரவேண்டும் என்பது இந்திய விதி. நிறுவனமே நொடித்துப்போனால் அந்த விதிக்குப் பல் இல்லை. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றுக்கொண்ட நொடியில் தடைக்காலம் தொடங்குகிறது. கோ ஃபர்ஸ்ட் விஷயத்தில் அது மே 10. அதன்பின் பழைய பாக்கி எதையும் நிறுவனம் தன்னிச்சையாகத் தீர்க்க முடியாது. முந்தைய நாள்வரை வாடிக்கையாளராக இருந்தவர், அன்றுமுதல் கடன்காரர்களின் நீண்ட வரிசையில் ஒருவர்.

அதிலும் கடைசிப் பக்கம் நிற்பவர். நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்றால் யாருக்கு முதலில் பணம் போகவேண்டும் என்பதைச் சட்டத்தின் 53ஆவது பிரிவு வகுத்திருக்கிறது. முதலில் கலைப்புச் செலவு. பிறகு தொழிலாளர் பாக்கியும் அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளும். அடுத்து ஊழியர் சம்பளம், பிணையில்லாக் கடன், அரசுக்குச் சேரவேண்டியது. இவ்வளவுக்கும் பிறகு, பங்குதாரர்களுக்குச் சற்று முன்னால், 'மீதமுள்ள பாக்கிகள்' என்ற தலைப்பில் வருகிறார் டிக்கெட் வாங்கியவர். உண்மையில் டிக்கெட் என்பது ஈடு எதுவும் வாங்காமல் குடும்பம் விமான நிறுவனத்துக்குக் கொடுக்கும் கைமாற்றுதான். வங்கியாவது கணக்குவழக்கைப் பார்த்துவிட்டுக் கடன் தரும். பயணிக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

விற்பதற்குத்தான் என்ன இருக்கிறது? கோ ஃபர்ஸ்ட் ஓட்டியவை குத்தகை விமானங்கள். அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி தயாரித்த எஞ்சின்கள் பழுதாகி, மாற்று எஞ்சின்கள் வராமல், கிட்டத்தட்டப் பாதி விமானங்கள் தரையில் நின்றதே வீழ்ச்சிக்குக் காரணம் என்றது கோ ஃபர்ஸ்ட். எஞ்சின் நிறுவனம் அதை மறுத்தது. 2024 ஏப்ரலில், குத்தகைக்கு விட்டவர்களின் 54 விமானங்களையும் ஐந்து வேலை நாட்களுக்குள் பதிவுநீக்கம் செய்யுமாறு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விமானங்கள் உரியவர்களிடம் போய்ச் சேர வழி பிறந்தது. 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைக்கத் தீர்ப்பாயம் ஆணையிட்டது.

இது கோ ஃபர்ஸ்டோடு தொடங்கியதல்ல. 2012இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குப் பறந்ததோடு ஜெட் ஏர்வேஸ் முடங்கியது. அதுவும் கோடை விடுமுறையின் வாசலில்தான். தமிழகத்தில் சென்னையின் பாரமவுண்ட் ஏர்வேஸும் கோவையின் ஏர் கார்னிவலும் தொடங்கிய வேகத்தில் மறைந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். இத்தனை முறை நடந்தும் பயணியின் பணத்துக்கென்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இந்தியாவில் உருவாகவில்லை. குத்தகைக்கு விடுபவர்கள் அஞ்சினார்கள். 2025இல் அவர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. அந்தச் சட்டம் தேவையானதுதான். அதே அக்கறையில் ஒரு பங்கு பயணிக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

முடியாத காரியமல்ல என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. சுற்றுலா விற்கும் நிறுவனங்களுக்கு 'அட்டோல்' என்ற உரிமம் அங்கே 1973இல் வந்தது. மறு ஆண்டே கோர்ட் லைன் நிறுவனம் விழுந்து பல்லாயிரம் பேர் வெளிநாட்டில் சிக்கினார்கள். கையில் இருந்த பிணைத்தொகை போதவில்லை. உடனே ஒரு சேமநிதி அமைத்தார்கள். இன்றைக்குச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கும் ஒவ்வொருவர் சார்பிலும் 2.50 பவுண்டு அந்த நிதிக்குப் போகிறது. 2019 செப்டம்பர் 23 அன்று, 178 ஆண்டுப் பழமை வாய்ந்த தாமஸ் குக் கவிழ்ந்தபோது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரைப் பிரிட்டிஷ் அரசு வாடகை விமானங்களை அமர்த்தி இரண்டு வாரத்தில் ஊர் சேர்த்தது. அந்த உரிமத்தின் கீழ் முன்பதிவு செய்திருந்தவர்களுக்குப் பணமும் திரும்பியது. விமானச் சீட்டை மட்டும் நேரடியாக வாங்கியவருக்கு அந்த நிதி பொருந்தாது என்ற குறை அங்கேயும் உண்டு.

ஜெர்மனியின் வழி வேறு. ஏர் பெர்லின் 2017 ஆகஸ்டில் திவால் மனு போட்டதும் அரசு 15 கோடி யூரோ கடன் கொடுத்து அக்டோபர் கடைசிவரை பறக்கவைத்தது. மனு போட்டபின் விற்ற டிக்கெட்டுகளின் பணம் தனிக் கணக்கில் வைக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கி, சேவை நின்றபின் பயணம் செய்யவிருந்தவர்கள்தான் இழந்தார்கள். அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட், அமெரிக்கன் மூன்றுமே திவால் பாதுகாப்பின் கீழ் இருந்தபடியே பறந்துகொண்டிருந்தன. திவால் என்றால் விமானம் நின்றே தீரவேண்டும் என்பதில்லை.

இந்தியாவில் ஒவ்வொரு உள்நாட்டு டிக்கெட்டிலும் விமானப் பாதுகாப்புக் கட்டணமாக 200 ரூபாய் 2021 ஏப்ரல் முதல் வசூலாகிறது. அதில் மிகச் சிறு பகுதி அளவுக்கு ஒரு தொகையைப் பயணிகள் நிதிக்கென்று பிரிப்பது பெரிய சுமையாகாது. பறக்கும்வரை டிக்கெட் பணத்தில் ஒரு பகுதியாவது தனிக் கணக்கில் இருக்கவேண்டும் என்று விதி செய்யலாம். முன்பணத்தை எரிபொருளுக்குச் செலவிட்டே பிழைக்கும் நிறுவனங்கள் இதை எதிர்க்கும். அப்படிப் பிழைப்பதுதான் ஆபத்தின் வேர்.

அதுவரை குடும்பங்களுக்குக் கிடைக்கும் வலுவான கேடயம் கிரெடிட் கார்டு. சேவை கிடைக்கவில்லை என்று அட்டை கொடுத்த வங்கியிடம் முறையிட்டால், நிறுவனத்துக்காகப் பணம் வாங்கித்தந்த வங்கி அதைத் திருப்பித் தர நேரும். அந்தப் பயத்திலேயே, நிறுவனம் தள்ளாடும்போது டிக்கெட் பணத்தை அந்த வங்கிகள் பிடித்துவைப்பதுண்டு. 2008இல் அமெரிக்காவின் ஃபிரான்டியர் நிறுவனம் திவால் மனு போட்டது அப்படிப்பட்ட நெருக்கடியில்தான். முறையீட்டுக்குக் கெடு உண்டு, பொதுவாகப் பயணத் தேதியிலிருந்து 120 நாட்கள். யு.பி.ஐ.யில் இதற்கு இணையான வலு இல்லை. பயணக் காப்பீடு எடுப்பவர்கள், விமான நிறுவனம் நொடித்தாலும் இழப்பீடு உண்டா என்று பாலிசியில் தேடிப் பார்ப்பது நல்லது. பலவற்றில் அது இருப்பதில்லை.

முன்பதிவு செய்யும் முன் கவனிக்க வேண்டிய அறிகுறிகளும் உண்டு. சம்பளம் தள்ளிப்போவது, எண்ணெய் நிறுவனங்கள் கடனை நிறுத்தி ரொக்கம் கேட்பது, அட்டவணை அடிக்கடி சுருங்குவது ஆகியவை நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் முன்கூட்டியே வந்துவிடுகின்றன. ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் டிக்கெட் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்து, தீர்ப்பாயம் நியமித்த தீர்வு நிபுணரிடம் பொது அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் கோரிக்கை மனு கொடுக்க வேண்டும். டிக்கெட்டை ஏஜென்ட் வழியாக வாங்கியிருந்தால், மனுவை யார் கொடுப்பது என்பதை அவரிடம் அன்றே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.