கொடுக்கும் ஊர்கள் – 9: சாலிஸ்பரியில் ஒலித்த தொலைபேசி

தெற்கு இங்கிலாந்தில் இருக்கிறது சாலிஸ்பரி. 123 மீட்டர் உயரம் எழும்பி நிற்கும் அதன் பேராலயக் கோபுரம்தான் பிரிட்டனிலேயே உயரமான ஆலயக் கோபுரம். அந்த ஊரில் வாழ்ந்த பேடி ஹெண்டர்சன், கேரல் ஹெண்டர்சன் தம்பதி, கேரலின் தாயார் பெட்டி டிரசெல் விட்டுச் சென்ற பணத்தைக் கொண்டு 1997இல் டிரசெல் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவில், ரயில் நிலையத்தில் படுத்துத் தூங்கும் பிள்ளைகளுக்கு உதவுவதுதான் நோக்கம்.

2000ஆம் ஆண்டில், அந்தப் பிள்ளைகளுக்காக நன்கொடை திரட்டிக்கொண்டிருந்த சமயத்தில், பேடிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு தாய். என் பிள்ளைகள் இன்று ராத்திரி பசியோடு படுக்கப் போகிறார்கள், இதற்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அவர் பேசியது பல்கேரியாவிலிருந்து இல்லை, சாலிஸ்பரியிலிருந்தே!

விசாரித்துப் பார்த்தபோது, ஊரில் பலர் திடீர் வேலையிழப்பு, உதவித்தொகை தாமதம் போன்ற காரணங்களால் சில நாட்கள் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் தவிப்பது தெரியவந்தது. ஹெண்டர்சன் தம்பதி தங்கள் தோட்டத்துக் கொட்டகையில் உணவுப் பொருட்களைச் சேர்த்து வைத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று பிரிட்டன் முழுவதும் பரவியிருக்கும் டிரசெல் உணவு வங்கிகளின் பிறப்பிடம் அந்தக் கொட்டகைதான். 2004 முதல் மற்ற ஊர்களிலும் அங்குள்ள திருச்சபைகளோடு கைகோத்து இவை திறக்கப்பட்டன.

இந்தத் தொடரில் வாரந்தோறும் வாசகர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியாதபோது கடல் கடந்து பணம் அனுப்புவது சரியா? சாலிஸ்பரியின் கதையை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். தொலைதூரத்துப் பிள்ளைகளுக்காக அலைந்தவர்களிடம்தான் உள்ளூர்த் தாய் துணிந்து முறையிட்டார். கேட்டால் செவிகொடுப்பார்கள் என்ற நம்பிக்கையை அந்தப் பல்கேரிய வேலைதான் அவருக்குத் தந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் சேகரங்களுக்கு, அதாவது ஓர் ஆலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதிகளுக்கு, இந்தக் கேள்வி மிகப் பழையது. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஒவ்வொரு சேகரத்தின் மீதும் சுமத்தியது. வீட்டுக்கு வீடு வரி வசூலித்து, முதியவருக்கும் அநாதைக்கும் கொடுக்க வேண்டும். ஆனால் தன் எல்லைக்குள் உரிமையுள்ள ஏழைக்கு மட்டும்தான். 1662இல் வந்த இன்னொரு சட்டம், வெளியூரிலிருந்து வந்த ஏழையைச் சொந்தச் சேகரத்துக்கே திருப்பி அனுப்ப வழிசெய்தது. ‘நம்ம ஊர் ஏழை’ என்ற எண்ணத்துக்கு இப்படிச் சட்டத்தின் பலமே கிடைத்தது.

அதே காலத்தில், அதே சேகரங்களின் ஆலயங்களில், எதிர்த்திசையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அரசரின் அனுமதிக் கடிதம் ஒன்று வரும். குருவானவர் அதை ஆராதனையில் வாசிப்பார். உடனே காணிக்கை எடுப்பார்கள். எங்கோ தீக்கிரையான ஒரு நகரத்துக்கு, அல்ஜியர்ஸில் சிறைப்பட்ட மாலுமிகளை மீட்பதற்கு, ஐரோப்பியக் கண்டத்தில் துன்புறுத்தப்பட்ட புராட்டஸ்டண்ட் அகதிகளுக்கு என்று அந்தப் பணம் போகும். 1655இல் ஆல்ப்ஸ் பகுதியின் பீட்மாண்ட் மலைநாட்டில் வால்டென்சியர் என்ற புராட்டஸ்டண்டுகள் படுகொலை செய்யப்பட்டபோது, அன்று அரசருக்குப் பதிலாக நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் தன் கையிலிருந்து 2,000 பவுண்டு கொடுத்துவிட்டு நாடெங்கும் வசூலுக்கு உத்தரவிட்டார். ஏறத்தாழ 38,000 பவுண்டு சேர்ந்தது. அந்நாளில் அது பெரும் செல்வம். பெரும்பகுதி வந்தது சேகர ஆலயங்களிலிருந்து. ஆல்ப்ஸ் மலையைக் கண்ணால் காணாத உழவர்களும் நெசவாளர்களும் போட்ட காசு.

சலிப்பும் வந்தது. 1661இல் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ், ஞாயிறு தவறாமல் இந்தக் கடிதங்கள் வாசிக்கப்படுவதால் இனி எதுவும் போடுவதில்லை என்று முடிவெடுத்ததாக எழுதிவைத்தார். 1828இல் அந்த முறையே ரத்தானது. கொடுப்பவர் களைத்துப்போவதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

ஆனாலும் மிகக் கடினமான சோதனை 1942இல் வந்தது. ஜெர்மானியர் பிடியில் இருந்த கிரேக்க நாட்டில், ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் பட்டினியால் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். உணவு எதிரிக்குப் போய்ச் சேரும் என்று பிரிட்டனே கடல்வழியை அடைத்திருந்தது. தன் நாட்டிலேயே ரேஷன். தன் நகரங்களின் மீதே குண்டுகள். அப்படிப்பட்ட நேரத்தில் அக்டோபர் 5ஆம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் மேரி ஆலயத்துப் பழைய நூலக அறையில் ஒரு சிறு கூட்டம் கூடியது. பஞ்ச நிவாரணத்துக்கான ஆக்ஸ்ஃபோர்டு குழு அங்கே பிறந்தது. அதைத்தான் உலகம் இன்று ஆக்ஸ்ஃபாம் என்று அறிகிறது.

அந்த ஆலயத்தின் குருவானவர் மில்ஃபோர்ட்தான் குழுவின் முதல் தலைவர். இளமையில் ஆலுவாவிலும் ஆக்ராவிலும் கல்லூரி ஆசிரியராக இருந்தவர் அவர். கிரேக்க அறிஞர் கில்பர்ட் மரே, குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவினர், செசில் ஜாக்சன்-கோல் என்ற வியாபாரி எல்லோரும் சேர்ந்தார்கள். அவர்கள் பணம் திரட்டினார்கள். அதோடு நிற்காமல், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான உணவையாவது முற்றுகையைத் தாண்டி அனுமதிக்கும்படி சொந்த அரசையே வற்புறுத்தினார்கள். சிசெஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல்லும் இதே கோரிக்கையை நாட்டளவில் முன்வைத்துக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் இப்படிப் பேச எவ்வளவு தைரியம் வேண்டும்! உண்டியலை ஏந்துவதைவிட இது பெரிய கொடை என்பது என் தீர்மானம்.

இனி இன்றைய நடைமுறைக்கு வருவோம். இங்கிலாந்து திருச்சபையின் ஆலயங்கள் சுமார் 16,000. ஒவ்வொரு சேகரத்துக்கும் ஆண்டுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கொண்ட ஒரு கமிட்டி உண்டு; சட்டத்தின் கண்ணில் அதுவே ஓர் அறநிலையம். கமிட்டியின் மேசைக்கு முதலில் வருவது கூரைதான். ஐந்நூறு ஆண்டுக் கட்டடத்தில் ஈயத்தகடு ஒழுகினால் பல்லாயிரம் பவுண்டு போய்விடும். குருவானவர் சம்பளத்துக்காக, பல சேகரங்கள் அடங்கிய திருமண்டலத்துக்கு அனுப்ப வேண்டிய பங்கு, வெப்பமூட்டும் செலவு, ஆர்கன் பழுது எல்லாம் வரிசையில் நிற்கும். இதற்குப் பிறகு மிஞ்சுவதைக் கொடுப்போம் என்று காத்திருந்தால் எதுவுமே மிஞ்சாது. அதனால்தான் பல சேகரங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவைத்து, உள்ளூருக்கு இவ்வளவு, வெளிநாட்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கின்றன. மரணப்படுக்கையில் இருப்போரைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு இல்லம், வீடற்றோர் தங்குமிடம், துறைமுக மாலுமிகளுக்கான பணி, எங்கோ ஓர் ஆப்பிரிக்கக் கிளினிக் என்று பட்டியல் ஊருக்கு ஊர் மாறும்.

அரசும் ஒரு கை கொடுக்கிறது. வருமான வரி செலுத்துபவர் கையெழுத்திட்டுக் காணிக்கை கொடுத்தால், ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் அரசிடமிருந்து சேகரம் கூடுதலாகப் பெறலாம். கிஃப்ட் எய்டு என்ற இந்தத் திட்டம் 1990இல் வந்தது. ஒரு குறிப்பிட்ட தர்மத்துக்கென்று அறிவித்து எடுத்த காணிக்கையை வேறெதற்கும், கூரைக்கும்கூட, திருப்பக் கூடாது என்பதும் கண்டிப்பான விதி. நம் ஊர் நிர்வாகிகள் மனப்பாடம் செய்ய வேண்டிய விதி இது.

மே மாதத்தில் ஒரு வாரம் கிறிஸ்டியன் எய்டுக்கு உரியது. 1945இல் போர் அகதிகளுக்காகத் திருச்சபைகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. 1957இல் அதன் தலைவி ஜேனட் லேசி இந்த வாரத்தைத் தொடங்கியபோது சுமார் 200 ஊர்கள் கலந்துகொண்டன. தேவையைப் பார், மதத்தைப் பார்க்காதே என்பதே அவருடைய நிலைப்பாடு. சபை மக்கள் வீடு வீடாகச் சிவப்பு உறை போட்டுவிட்டு, பிறகு போய் வாங்கி வருவார்கள். கோவிட் காலத்தில் அது நின்றது. கதவைத் தட்ட ஆட்களும் குறைந்துவிட்டார்கள். இப்போது சூப் விருந்து, நடைப்பயணம், இணையவழி நன்கொடை என்று வழிகள் மாறிவருகின்றன.

மறுபடி சாலிஸ்பரி. அந்தத் திருமண்டலத்துக்கும் சூடான் திருச்சபைக்கும் 1973 முதல் உறவு. 17 ஆண்டு உள்நாட்டுப் போர் ஓய்ந்த மறுவருடம் தொடங்கியது அது. பிறகு மீண்டும் போர், பஞ்சம், 2011இல் நாடே இரண்டாகப் பிரிந்தது. உறவு அறுபடவில்லை. சூடான் மெடிக்கல் லிங்க் என்ற ஏற்பாட்டின் வழியாக அங்குள்ள திருச்சபைக் கிளினிக்குகளுக்கு மருந்து போகிறது. உணவு வங்கியைப் பெற்றெடுத்த அதே ஊர்தான் இந்த உறவையும் அரை நூற்றாண்டாகத் தாங்குகிறது.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆக்ஸ்ஃபாம், கிறிஸ்டியன் எய்டு உள்ளிட்ட பிரிட்டிஷ் அமைப்புகளின் கூட்டு வேண்டுகோளுக்கு மக்கள் 39 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். அதில் ஒரு பங்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. கொடுக்கும் பக்கத்திலும் நாம் இருந்திருக்கிறோம்: 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, நெல்லைச் சபைகள் தங்கள் சொந்தக் காணிக்கையில் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஊழியர்களை அனுப்பின.

ஒரு கவலையைச் சொல்லாமல் விட முடியாது. 2023-24இல் டிரசெல் உணவு வங்கிகள் வழங்கிய அவசரப் பொட்டலங்கள் 31 லட்சத்துக்கும் மேல். பணக்கார நாடு ஒன்றில் இது பெருமைப்படக்கூடிய எண்ணிக்கையே இல்லை. உணவு வங்கியே தேவைப்படாத நாள் வர வேண்டும் என்று அந்த அமைப்பே சொல்கிறது. உதவித்தொகையை உயர்த்தும்படி அரசிடம் வாதாடுகிறது. ஆலய வாசல் கூடையில் பருப்பு டின் போடுகிறவர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதமும் எழுத வேண்டும். 1942இல் ஆக்ஸ்ஃபோர்டு அறையில் கூடியவர்கள் இரண்டையும் செய்தார்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலயமோ, கோயிலோ, பள்ளிவாசலோ, ஊர்ச் சங்கமோ, அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது கவனியுங்கள். ஊர் எல்லைக்கு வெளியே இருப்பவருக்குக் கொடுத்தது என்று ஒரு வரி அதில் இல்லையென்றால், எழுந்து நின்று கேளுங்கள்.

(தொடரும்)