கறையானுக்கும் புல்டோசருக்கும் நடுவே

சிட்னியின் வெஸ்ட்மீட்டிலிருந்து வின்ட்சர் சாலையைப் பிடித்து வடமேற்கே போனால், புதுக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு இடையே எங்காவது ஒரு பழைய பண்ணைக் கொட்டகை தட்டுப்படும். ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். துருவேறிய தகரக் கூரையில் பாதி காற்றோடு போயிருக்கும். ஸ்கோபீல்ட்ஸ், டல்லவாங், மார்ஸ்டன் பார்க், பாக்ஸ் ஹில் என்று நம்மவர்கள் வீடு வாங்கிக் குடியேறுகிற இடமெல்லாம் அண்மைக்காலம் வரை மாடு மேய்ந்த நிலம். அந்தக் கொட்டகைகளை இன்னும் இடிபடாத குப்பையாகப் பார்த்துக் கடந்துபோகிறவர்களே அதிகம். சிட்னிக்குச் சோறு போட்ட கைகள் எழுப்பியவை அவை. நம் கண்முன்னே அவை போய்க்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெஸ்ட்மீட்டே ஒரு காலத்தில் ஆளுநரின் பண்ணை நிலம்தான். 1788 நவம்பரில், புர்ரமட்டகல் பூர்வகுடி மக்களின் மண்ணில், ஆளுநர் ஃபிலிப்பின் ஆட்கள் பயிர் வைக்க வந்து இறங்கியது இன்றைய பாரமட்டா பூங்காவின் ஆற்றோரத்தில். அந்தப் பூங்காவில் ஒரு பால்பண்ணைக் குடிசை இன்னும் நிற்கிறது. கைதியாக வந்த ஜார்ஜ் சால்டர் கட்டிய வீடு அது. 1813இல் ஆளுநர் மக்குவாரி அதை வாங்கிப் பால்பண்ணை ஆக்கினார். பால் கெடாமலிருக்கத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிக் கட்டிய குளிர்ந்த அறை அதில் உண்டு. உலக மரபுச் சின்ன வளாகத்துக்குள் இருப்பதால் அதற்கு இனிப் பயமில்லை. மரக் கொட்டகைகளுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

அவற்றைப் பார்க்க ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். 1794இல் குடியேறியவர்கள் அங்கே கோதுமையும் சோளமும் விளைவித்தார்கள். விளைந்ததை வைக்கக் கொட்டகை வேண்டும்; கையிலிருந்ததோ காட்டு மரம் மட்டும். அயர்ன்பார்க் போன்ற யூகலிப்டஸ் மரத்தை வெட்டி, ஆப்பு வைத்து, மரச் சம்மட்டியால் அடித்து, நார்வாக்கிலேயே பிளந்தார்கள். ரம்பம் அறுத்தால் நார் அறுபடும். பிளந்தால் முழுசாக நிற்கும். அப்படிக் கிடைத்த கனத்த பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே உத்தரத்திலும் கீழே அடிச்சட்டத்திலும் வெட்டிய காடியில் சொருகினார்கள். ஆணிக்கு அங்கே அதிக வேலையில்லை.

கிட்டே போய் அந்தப் பலகையில் கை வைத்துப் பார்க்க வேண்டும். வாய்ச்சி கொத்திய வரிசை, சின்னச் சின்னப் பள்ளங்களாக விரலுக்குத் தட்டுப்படும். எந்த இடத்தில் கை வேகமாகப் போயிற்று, எந்த முடிச்சில் நின்று திரும்பியது என்பது வரை தெரியும். பச்சை மரம் காயும்போது சுருங்குவதால் பலகைகளுக்கு இடையே விரல் நுழையும் இடைவெளி. வீடாக இருந்தால் மண் பூசி அடைப்பார்கள். கொட்டகையில் அதை அப்படியே விட்டார்கள், உள்ளே குவித்த சோளக்கதிர் காற்றாடிக் காய வேண்டுமே! நடுக்கூடத்துக்கு எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள். நடுவில் கதிரடிப்பார்கள், இரண்டையும் திறந்துவிட்டால் குறுக்கே ஓடும் காற்றில் தூற்றிக்கொள்ளலாம். நம் களத்துமேட்டு வேலையேதான், தலைக்கு மேலே ஒரு கூரையோடு. பக்கவாட்டில் சாய்ப்பு இறக்கி மாடுகளும் வண்டியும். முதலில் மரச்சில்லு ஓடு. பிற்காலத்தில் அதன் மேலேயே நெளி தகரம் அடித்தார்கள்.

இப்படிப்பட்ட கொட்டகையின் உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது: கூரையும் காலும். தகரம் ஒன்று பறந்தால் உடனே மாற்ற வேண்டும். விட்டால் தண்ணீர் உத்தரத்துக் காடிக்குள் இறங்கும். கீழே மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் அடிச்சட்டத்தைக் கறையான் தின்னும், ஈரம் உளுத்துப்போகச் செய்யும். அது போனால் பலகைகள் ஒவ்வொன்றாய்க் கழன்று விழும். ஹாக்ஸ்பரிக்கு வெள்ளம் புதிதல்ல. 1867இல் வின்ட்சரில் ஆறு 19 மீட்டருக்கு மேல் ஏறியது. அண்மையில் 2021 மார்ச்சிலும், 2022இல் மார்ச், ஜூலை என இருமுறையும் பெருக்கெடுத்தது. வெள்ளம் வடிந்த பிறகு அடிச்சட்டத்தின் மேல் தங்கிவிடும் வண்டல் மண்தான் பெரிய எமன். முன்பு பண்ணைக்காரர் மறுநாளே மண்வெட்டியோடு நிற்பார். கொட்டகைக்குள் விளைச்சலே இல்லாத காலத்தில் யார் வருவார்?

ஹாக்ஸ்பரி நகரசபை இந்தக் கொட்டகைகளைக் கணக்கெடுத்து ஓர் ஆய்வே நடத்தியிருக்கிறது. ஆனால் மரபுப் பட்டியலில் பெயர் ஏறுவதாலேயே கூரைக்குத் தகரம் வந்துவிடாது. செலவு உரிமையாளர் தலையில். பழுதுபார்க்காமல் விட்டு, தானாக விழட்டும் என்று காத்திருப்பதும் நடக்கிறது. விழுந்த பலகைக்குச் சந்தையில் நல்ல கிராக்கி. கஃபேக்களில் மேசையாகவும் சுவர் அலங்காரமாகவும் அதைப் பார்க்கலாம். குப்பைக்குப் போவதற்கு அது மேல்தான். ஆனால் காடியையும் உத்தரத்தையும் இழந்த பலகை வெறும் அழகான மரம். எப்படி நின்றது, எதைத் தாங்கியது என்று அதனால் சொல்ல முடியாது.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலின் நெற்களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தஞ்சை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், 3000 கலம் நெல் கொள்ளும்படி செங்கல்லால் கட்டியது. அதற்குக் கோயில் இருந்தது, பிறகு அரசின் பாதுகாப்பும் வந்தது. குடியானவன் வீட்டுக் குதிரும் பத்தாயமும் என்ன ஆயின? இங்கும் அதே கதை. ஆளுநர் வீடு நிற்கிறது; சிறு பண்ணைக்காரரின் கொட்டகைதான் முதலில் சாய்கிறது.

வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்கு ரவுஸ் ஹில் பண்ணை சான்று. 1813இல் ரிச்சர்ட் ரவுஸ் கட்டத் தொடங்கிய வீடு. ஆறு தலைமுறை அதே குடும்பம். 1978இல் அரசு கையகப்படுத்தியபோது வீட்டை மட்டும் மினுக்கிவிட்டுக் கொட்டகைகளை இடித்துத் தள்ளவில்லை. பழுப்பேறிய மரமும் துருவும் இருந்தபடியே இருக்க, மேலும் சிதையாமல் தடுப்பதே அங்கு வேலை. கேம்டனில் மெக்காதர் குடும்பத்தின் பெல்ஜெனி பண்ணையிலும் பழைய கட்டடங்கள் கூட்டமாகவே தப்பியிருக்கின்றன. அங்கே கூட்டமும் கல்யாணமும் நடப்பதால் கதவு தினமும் திறக்கிறது, ஒழுகினால் யாராவது கவனிக்கிறார்கள்.

புதுக் குடியிருப்புகளுக்கும் இது ஆகாத காரியமில்லை. மனைப்பிரிவு வரைபடம் நகரசபையின் பார்வைக்கு வரும்போதே, இருக்கிற கொட்டகையைப் பூங்கா ஒதுக்கீட்டுக்குள் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். நமக்கோ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் பொங்கல் விழாவுக்கும் மண்டபம் கிடைப்பதில்லை. நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு களஞ்சியக் கொட்டகை, அடிச்சட்டம் மாற்றி, தகரம் போட்டு, நம் தெருமுனையிலேயே நிற்குமானால் அறுவடைத் திருநாளை வேறெங்கே கொண்டாடுவது? வரைபடங்களைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கும் நாட்களில் மனு எழுத நம்மில் சிலர் முன்வந்தால், டல்லவாங்கிலோ பாக்ஸ் ஹில்லிலோ முதல் கொட்டகையைக் காப்பாற்றலாம்.