கொங்கு மண்டலக் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கையும் தக்கவைப்பும்

மாணவர் சேர்க்கை மேலாண்மை என்பது, ஒரு கல்லூரியில் எத்தகைய மாணவர்கள், எத்தனை பேர் சேரவேண்டும் என்று திட்டமிடுவதில் தொடங்கி, சேர்ந்தவர்கள் பட்டம் பெறும் வரையிலான பணிகள் அனைத்தையும் ஒரே பணியாகக் கருதிச் செய்யும் முறையாகும். இதன் பிற்பாதி மாணவர் தக்கவைப்பு எனப்படுகிறது. தக்கவைப்பு தவறும்போது நேர்வது இடைநிற்றல். 1970களில் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் ஜாக் மகுவயர் என்பவர் இம்முறைக்கு வடிவம் கொடுத்தார். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு மண்டலத்தில் கல்லூரிகளும் அதிகம், பள்ளிப் படிப்போடு வேலை தரும் தொழிற்சாலைகளும் அதிகம் என்பதால் இச்சிக்கலை இங்கு தெளிவாகக் காணலாம்.

சேர்க்கை

கோயம்புத்தூரில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி 1945-லும், பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951-லும், கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி 1956-லும் தொடங்கப்பட்டன. பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல் உருவானது. அக்காலத்தில் இடம் குறைவு, கேட்பவர் அதிகம். சுயநிதிக் கல்லூரிகள் பெருகிய பின் நிலை மாறியது. பெயர்பெற்ற சில கல்லூரிகளில் இடத்துக்குப் போட்டி நிலவ, மற்றவை மாணவர்களைத் தேடிச் செல்லவேண்டியதாயிற்று. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு 1997 முதல் நடைபெறுகிறது. 2007-08 கல்வியாண்டில் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையானது. கலந்தாய்வு இப்போது இணையவழியில் நடக்கிறது.

பம்ப்செட்டுக்கும் வார்ப்படத்துக்கும் பேர்போன கோயம்புத்தூரிலேயே இயந்திரப் பொறியியலுக்கு முன்பிருந்த மவுசு இல்லை. கணினி சார்ந்த பிரிவுகளையே பெற்றோர் முதலில் கேட்கின்றனர். கல்லூரிகளும் அதற்கேற்ப இடங்களை மாற்றி அமைக்கின்றன. சேர்க்கை மேலாண்மை என்று பலர் நினைப்பது இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் ஜூலையில் நிரம்பிய வகுப்பு மூன்றாம் பருவத்திலும் நிரம்பி இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இடைநிற்றலின் காரணங்கள்

அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, படிப்போடும் கல்லூரிச் சமூகத்தோடும் ஒட்டாத மாணவரே விலகுகிறார். வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்களுக்கு இது முழுமையாகப் பொருந்தாது என்ற விமர்சனமும் உண்டு. கொங்குப் பகுதியில் அந்த விமர்சனத்துக்கு வலு அதிகம். காலையில் கல்லூரிப் பேருந்தில் வந்து மாலையில் அதிலேயே திரும்பும் மாணவரின் முடிவு பெரும்பாலும் வீட்டில்தான் எடுக்கப்படுகிறது.

படிப்புச் சார்ந்த முதல் தடை மொழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர் முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பாடநூல்களைச் சந்திக்கிறார். இரண்டு தாள்களில் அரியர் விழுந்தால் அடுத்த பருவத்தின் பாரமும் சேர்கிறது. அரியர் என்பது கணக்கில் இடைநிற்றல் அல்ல; ஆனால் அதற்கான வழி பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியல், இயந்திரப் பொறியியல் ஆகியவற்றைத் தமிழ்வழியில் தொடங்கியது இதற்கான ஒரு முயற்சி.

இரண்டாவது காரணம் கூலி. திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ ஈரோட்டு விசைத்தறியிலோ வேலைக்குச் செல்பவருக்கு வாரக் கடைசியில் பணம் கையில் வரும். பட்டத்தின் பலனோ மூன்று, நான்கு ஆண்டுகள் தள்ளி இருக்கிறது. தந்தைக்கு உடல்நலம் குன்றினால் இந்தக் கணக்கு ஒரே நாளில் மாறிவிடும்.

பெண்களும் மாத உதவித்தொகையும்

கொங்கு நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்கள் விடுதியில் தங்கி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வேலை செய்ய, முடிவில் திருமணச் செலவுக்கென மொத்தத் தொகை தரும் முறை இருந்தது. நீண்ட வேலைநேரம், குறைந்த கூலி, வெளியே செல்லத் தடை ஆகியவற்றுக்காக இது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. கல்லூரி சேரவேண்டிய வயதும் மூன்றாண்டுக் காலமும் இதில் அப்படியே ஒத்துப்போகின்றன. ஆலையின் போட்டி கல்லூரியோடுதான் என்று சொல்லலாம்.

அரசின் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டமும் முன்பு திருமண உதவியாகவே வழங்கப்பட்டது. 2022-இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, புதுமைப் பெண் என்ற பெயரில் அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு, படிப்பை முடிக்கும் வரை மாதம் ரூ. 1,000 வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கும் இது விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்டது.

தொகை சிறியது, ஆலைக் கூலிக்கு ஈடாகாது. இதன் சிறப்பு, பணம் வரும் முறையில் உள்ளது. சேரும்போது ஒருமுறை தருவது சேர்க்கையை மட்டுமே கூட்டும். மாதந்தோறும் தருவது தொடர்ந்து படித்தால் மட்டுமே கிடைக்கும் என்பதால் தக்கவைப்புக்கு உதவுகிறது. பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு போன்றவற்றுக்கு வீட்டில் கைநீட்ட வேண்டியதில்லை என்பதும் சிறிய விடயமல்ல.

கணக்கிடும் முறை

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47.0, இந்திய அளவில் இது 28.4. 18 முதல் 23 வரையிலான வயதுடைய மக்கள்தொகையோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் உள்ளோரை எண்ணியே இவ்விகிதம் பெறப்படுகிறது. சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தனர் என்பதை இது காட்டாது. அதற்கு ஒவ்வொரு மாணவரையும் பருவம்தோறும் பின்தொடரும் பதிவு தேவை. பள்ளிக் கல்வியின் எமிஸ் பதிவைப்போலக் கல்லூரிகளுக்கென அமைந்த யுமிஸ் தளத்தால் இது இயலும். வருகைப்பதிவு சரியும் மாணவரை வகுப்பு ஆசிரியர் அந்த வாரமே தொலைபேசியில் அழைப்பதற்கோ எந்தத் தளமும் தேவையில்லை.