வெட்டிய பால்மரம் காத்திருக்காது

நம் பெற்றோர் விடியுமுன் நெற்றி விளக்குடன் சீவிய பால்மரம், இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் குறைந்து மறுநடவுக்காகச் சாய்க்கப்படும். பிறகு அது எங்கே போயிற்று? புகைக்கூடத்துக்கும் நம் அடுப்புக்கும் விறகாயிற்று. பிறையில் 1967இல் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பு ஆலையில் கரியாக எரிந்தது. மேசை நாற்காலிக்கு ஆகாத மரம் என்றே பேச்சு. ஆனால், 1980களில் அதே மரத்தில் செய்த தளவாடங்கள் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறின! வெட்டிய பின் செய்ய வேண்டிய பக்குவம் அதற்குள் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பக்குவம் தெரியாமல் நானும் ஏமாந்தவன். எங்கள் பள்ளிக்கு இரண்டு பெஞ்சு செய்ய, விழுந்த மரங்களைக் கேட்டு வாங்கினோம். அறுக்க ஆள் வர மூன்று வாரம் ஆயிற்று. மரம் மழையில் கிடந்தது. பலகை முழுவதும் நீலக் கறை. ஆறு மாதத்தில் பெஞ்சுக்கு அடியில் மாவு கொட்டியது. பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதி விளையாடினார்கள்!

காரணம் எளிது. பால்மரத்தில் மாவுச்சத்து மிகுதி. நமக்குச் சோறு எப்படியோ, பூஞ்சைக்கும் வண்டுக்கும் அது அப்படி. ஆகவே சாய்த்த ஓரிரு நாளில் அறுத்துவிடுவதே நல்லது. அதுவரை கட்டையைக் கட்டைமேல் ஏற்றி நிழலில் வையுங்கள். வெட்டு முனைகளில் மெழுகோ கெட்டிச் சாயமோ பூசினால் வெடிப்பு குறையும். சேற்றில் இழுக்க வேண்டாம்; பட்டையில் ஒட்டிய மணல் ரம்பப் பல்லை மழுங்கடிக்கும். மரம் வளைந்தும் கூம்பியும் இருப்பதால் ஆறடித் துண்டுகளே போதும்.

இப்போது வண்டிக்குப் பின்னால் இழுத்துவரும் சிறு ரம்ப ஆலைகள் இருக்கின்றன. அதில் ஏற்றுமுன் சீவிய பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பால் வடியும் தகரப் பீலி, மங்கு தாங்கும் கம்பி, ஆணி எல்லாவற்றையும் பட்டை வளர்ந்து மூடியிருக்கும். ஓடும் ரம்பம் அதில் பட்டால் பல் தெறிக்கும். அறுப்பவர் கண்ணுக்கே ஆபத்து. சந்தேகமான இடத்தைச் செதுக்கி எடுத்துவிடுங்கள்.

அறுத்த பலகையை அன்றே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும். ஆலைகளில் இம்மருந்தை அழுத்தக் கலத்தில் ஏற்றுவார்கள். மழையில் மருந்து கரைந்துவிடும். எனவே வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கே இம்மரம் ஏற்றது. பிறகு இடையிடையே சிறு சட்டம் வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பலகை அப்பளமாக நெளியும்.

கோலசிலாங்கூர் பக்கம் இன்று கண்ணுக்கு எட்டியவரை செம்பனைதான். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவே 1917இல் நம் தென்னமராம் தோட்டத்தில் அல்லவா! பால்மரம் ஆங்காங்கே துண்டு நிலங்களில் நிற்கிறது. சென்ற ஆண்டு அப்படிச் சாய்ந்த இரண்டை, நிலத்துக்காரரிடம் அனுமதி பெற்று, மறுநாளே அறுத்தோம். செதுக்கும்போது துருப்பிடித்த பீலி ஒன்று வந்தது. பால் வெட்டிப் பழகிய பாட்டி ஒருவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நாங்க அடிச்சது இல்ல வாத்தியாரே, எங்களுக்கு முந்தி யாரோ” என்றார்.