மாம்பழ சீசனில் பிடிபடும் கார்பைடு கல்... ஒரு காலத்தில் வீட்டுக்கு விளக்கேற்றியது எப்படி?

ஒவ்வொரு கோடையிலும் தவறாமல் வரும் செய்தி இது. ஏதாவது ஒரு பழ மார்க்கெட்டில் உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் சோதனை நடத்துவார்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழங்கள் பறிமுதல் ஆகும். சாம்பல் நிறத்தில், உடைத்த ஜல்லி மாதிரி இருக்கும் அந்தக் கல்லை டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சுமார் 125 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே கல்லை டின் டின்னாக வாங்கி வைத்திருந்தார்கள். பழத்துக்காக இல்லை, ராத்திரி வெளிச்சத்துக்காக. கரன்ட் கம்பி எட்டாத பண்ணை வீடுகளில், கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன இயந்திரம் இருக்கும். அது கல்லையும் தண்ணீரையும் சேர்த்து வாயு தயாரிக்கும். அந்த வாயு குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போய் விளக்காக எரியும்.

கேட்பதற்கு ரொம்ப சுலபமாகத் தெரிகிறது. வாயுவை உண்டாக்குவது உண்மையிலேயே சுலபம்தான். போதும் என்றதும் அதை நிறுத்துவதில்தான் வடிவமைப்பாளர்கள் திண்டாடினார்கள்.

நிலக்கரியில் ஆரம்பித்தது

கார்பைடுக்கு நூறு ஆண்டுகள் முன்பே வாயு விளக்கு வந்துவிட்டது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் மர்டாக், போல்டன் அண்ட் வாட் நிறுவனத்துக்காக இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் நீராவி எந்திரங்களைக் கவனித்து வந்தவர். நிலக்கரியைக் காற்றுப் புகாத இரும்புக் கலத்தில் அடைத்து வெளியிலிருந்து சூடாக்கினால் கரி எரியாது, எரியக்கூடிய வாயுவைக் கக்கும். அந்த வாயுவைக் குழாயில் கொண்டுவந்து 1792இல் ரெட்ரூத் என்ற ஊரில் தன் வீட்டுக்கே அவர் விளக்கேற்றினார்.

பிரான்சில் பிலிப் லெபோன் இன்னும் பெரிதாக யோசித்தார். கரிக்குப் பதில் விறகு. ஒரே அடுப்பு வீட்டுக்குச் சூடும் கொடுக்க வேண்டும், வெளிச்சமும் கொடுக்க வேண்டும். 'தெர்மோலாம்ப்' என்று பெயர் வைத்து 1799இல் காப்புரிமை வாங்கினார். 1801இல் பாரிஸ் மக்களுக்கு அதைக் காட்டவும் செய்தார். மூன்றே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார்.

இந்த இயந்திரங்கள் வீட்டுக்குள் நிலைக்கவில்லை. காரணம், வாயுவோடு சேர்ந்து தாரும் அமோனியாவும் வரும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். அதைச் சுண்ணாம்பில் செலுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு சேமிக்க வேண்டும். சேமிக்கும் வழி மட்டும் அழகானது: தண்ணீர்த் தொட்டியில் ஒரு டிரம்மைக் கவிழ்த்து வைப்பார்கள். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும், எரிக்க எரிக்கக் கீழே இறங்கும். நம் ஊரில் சாண எரிவாயுக் கலனைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை, அதே தத்துவம்தான்.

ஆனால் அடுப்பு? அது மணிக்கணக்கில் எரிய வேண்டும். கரி போட ஒரு ஆள் நிற்க வேண்டும். தூக்கம் வருகிறது, விளக்கை அணைக்கலாம் என்றால், உலையில் இருக்கும் கரி அதைக் கேட்டுக்கொண்டிருக்காது. சூடு இருக்கும்வரை வாயு வந்துகொண்டே இருக்கும். 1805 முதல் மர்டாக் விளக்கேற்றிக் கொடுத்த சால்ஃபோர்டு பருத்தி ஆலை மாதிரியான இடங்களுக்கு இதெல்லாம் பிரச்சினையில்லை, ஆள் பலம் இருந்தது. குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா?

எண்ணெய் வாயு கொஞ்சம் கைகொடுத்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் திமிங்கில எண்ணெயைச் சொட்டவிட்டு வாயு எடுக்கும் கருவிக்கு ஜான் டெய்லர் 1815இல் காப்புரிமை பெற்றார். இதில் கந்தக நாற்றம் இல்லை. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் தன் அபாட்ஸ்ஃபோர்டு மாளிகைக்கு எண்ணெய் வாயு விளக்குதான் வைத்தார். லண்டனில் ஒரு கம்பெனி இந்த வாயுவை 30 மடங்கு அழுத்தத்தில் சிலிண்டரில் அடைத்து வீடு வீடாகக் கொடுத்தது. இன்றைய சிலிண்டர் டெலிவரிக்கு முப்பாட்டன். அப்படி அழுத்தும்போது தேங்கிய திரவத்தை ஆராய்ந்துதான் 1825இல் மைக்கேல் ஃபாரடே பென்சீனைக் கண்டுபிடித்தார்.

மாளிகைக்காரர்கள் சமாளித்தார்கள். நகரங்களுக்கு 1812இல் லண்டனில் தொடங்கிய கேஸ் லைட் அண்ட் கோக் கம்பெனி போன்றவை குழாய் போட்டன. கிராமத்து வீடுகள் மெழுகுவத்தி, எண்ணெய் விளக்கு என்றே இருந்தன.

தோற்றுப்போன பரிசோதனை தந்த கல்

1892இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஸ்ப்ரே என்ற ஊரில் தாமஸ் வில்சனும் அவரது கூட்டாளி ஜேம்ஸ் மோர்ஹெட்டும் மலிவாக அலுமினியம் தயாரிக்க முயன்றார்கள். மின் உலையில் சுண்ணாம்பையும் கரித் தாரையும் சேர்த்துக் காய்ச்சியபோது, கிடைத்தது ஏதோ ஒரு கல். தண்ணீரில் போட்டதும் நுரைத்து வாயு வந்தது. ஹைட்ரஜனாக இருக்கும் என்று நினைத்துப் பற்றவைத்தால், புகை கக்கிக்கொண்டு எரிந்தது. அதுதான் அசிட்டிலீன்.

புகைதான் இதில் விசேஷம். தீச்சுடருக்குள் நுண்ணிய கரித் துகள்கள் சூடேறி ஒளிர்வதால்தான் வெளிச்சம் கிடைக்கிறது. அசிட்டிலீனில் கரி அதிகம், அதன் சுடரும் கடும் சூடு. சரியான பர்னரில் எரித்தால், அதே அளவு நிலக்கரி வாயுவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிரகாசம். ஒரு கிலோ கல்லிலிருந்து சுமார் 300 லிட்டர் வாயு. உலை வேண்டாம், தார் இல்லை. ஒரு கல், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான்.

மின்விளக்கோடு போட்டி போட்ட இந்தக் கல்லைத் தயாரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும் என்பது தனி வேடிக்கை. அதனால்தான் ஆலைகள் நயாகரா நீர்வீழ்ச்சி போன்ற இடங்களைத் தேடிப் போயின. 1898இல் இந்தத் தொழிலுக்காகவே உருவான நிறுவனத்தின் பெயர் யூனியன் கார்பைடு. போபாலோடு சேர்த்து நாம் மறக்க முடியாத அதே பெயர்தான். பெயரில் இருக்கும் 'கார்பைடு' இந்தக் கல்லைத்தான் குறிக்கிறது. 1984இல் போபாலில் கசிந்த விஷவாயுவுக்கும் இந்தக் கல்லுக்கும் சம்பந்தமில்லை.

கல் மேல் தண்ணீரா, தண்ணீரில் கல்லா?

1890களின் பிற்பகுதியில் ஆளாளுக்கு ஒரு ஜெனரேட்டர் வடிவமைத்துக் காப்புரிமை கேட்டார்கள். உள்ளே பார்த்தால் எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள்: எதை எதன் மேல் போடுவது?

முதல் வழி, கல் மேல் தண்ணீரைச் சொட்டவிடுவது. மலிவானது, எல்லோருக்கும் முதலில் தோன்றுவதும் இதுதான். சிக்கல் சூட்டில் வந்தது. சுண்ணாம்புக் கல்லை நீற்றும்போது தொட்டி கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார்பைடும் அதே மாதிரிதான். ஒரு கிலோ கல் கரையும்போது வரும் சூடு, ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும்போது அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளப் போதுமான தண்ணீர் அங்கே இருக்காது. கல் தகிக்கும். அசிட்டிலீன் சிதைந்து தார் மாதிரி ஆகிக் குழாயை அடைக்கும், விளக்கு புகையும். தண்ணீர்க் குழாயை மூடினாலும் நனைந்த கல் சும்மா இருக்காது. ஈரம் தீரும்வரை வாயு விட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வழி புத்திசாலித்தனமானது. ஜெர்மானிய வேதியியலாளர் டோபெரைனர் 1823இல் செய்த லைட்டரிலிருந்து எடுத்த யோசனை. அதில் அமிலத்துக்குள் துத்தநாகம் தொங்கும், ஹைட்ரஜன் வரும். குழாயை மூடினால் சேர்ந்த வாயுவே அமிலத்தைக் கீழே தள்ளிவிடும். துத்தநாகம் அமிலத்தை விட்டு மேலே நிற்கும். வாயு தானாக நின்றுவிடும். கார்பைடுக்கும் இதையே செய்தால் என்ன? செய்தார்கள். தண்ணீர் கீழே இறங்கியது. ஆனால் கல் ஏற்கெனவே ஊறியிருந்தது. துத்தநாகம் நிறுத்தியதைக் கார்பைடு நிறுத்த மறுத்தது.

மூன்றாவது வழி தலைகீழ். நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது. அமெரிக்காவில் இதுதான் செல்வாக்குப் பெற்றது. ஒரு பவுண்டு கல்லுக்கு ஒரு கேலன் தண்ணீர் என்பது அங்கே வழக்கமான கணக்கு, அதாவது கிலோவுக்கு 8 லிட்டருக்கும் மேல். சூடு முழுவதையும் தண்ணீரே விழுங்கிவிடும்.

எப்போது கல் விழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அந்தப் பழைய கவிழ்த்த டிரம். விளக்கு எரிய எரிய டிரம் இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே வந்ததும் ஒரு நெம்புகோலைத் தட்டும். மேலே இருக்கும் பெட்டியிலிருந்து நாலைந்து கல் தண்ணீரில் விழும். வாயு வரும், டிரம் எழும், கதவு மூடிக்கொள்ளும். டாய்லெட் ஃப்ளஷ் டேங்கில் மிதவை செய்யும் வேலை மாதிரிதான். விழுந்த கல் கடைசித் துணுக்குவரை வாயு விட்டாலும் கவலையில்லை, டிரம்மில் அதற்கு இடம் இருக்கும். அதற்கும் மிஞ்சினால் கூரைக்கு மேல் போகும் ஒரு குழாய் வழியே வெளியேறிவிடும். கல்லை 'நிறுத்து' என்று சொல்ல முடியாது, அது முடிக்கும்வரை இடம் கொடுத்துவிட்டால் போதும். இந்த ஒரு யோசனையில்தான் கருவி வீட்டுக்கு ஏற்றதாக மாறியது.

அப்போதும் பயம் போகவில்லை. போகவும் கூடாது. நம் வீட்டு எல்பிஜி, காற்றில் சுமார் 2 முதல் 10 சதவீதம் கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். அசிட்டிலீனுக்கு 2.5 சதவீதத்தில் தொடங்கி 80 சதவீதம் வரை. செம்புக் குழாய் போடக் கூடாது, செம்போடு சேர்ந்தால் தட்டினாலே வெடிக்கும் பொருள் உண்டாகும். அழுத்தி அடைத்தால் காற்றே இல்லாமல்கூட வெடிக்கும். கருவியைக் கொல்லையில் தனிக் கொட்டகையில் வைப்பதும், பகல் வெளிச்சத்தில் மட்டும் கல் நிரப்புவதும் இதனால் வந்த பழக்கங்கள். ராத்திரி மெழுகுவத்தியோடு போய் மூடியைத் திறந்தவர்கள் உயிரைக் கொடுத்துத்தான் அந்த விதி எழுதப்பட்டது.

கைக்குள் அடங்கியது

சைக்கிள் விளக்குக்கும் சுரங்கத் தொழிலாளியின் தொப்பி விளக்குக்கும் இத்தனை ஏற்பாடு செய்ய இடமில்லை. அங்கே முதல் வழியே திரும்ப வந்தது: மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கல், நடுவே ஒரு ஊசி வால்வு. கல் கைப்பிடி அளவுதான் என்பதால் சூடு சமாளிக்கும்படி இருந்தது. விளக்கு எப்போதும் ஒரே அளவில் எரிவதால் டிரம்மும் தேவைப்படவில்லை. அமெரிக்காவில் ஃபிரடெரிக் பால்ட்வின் 1900இல் இப்படியொரு விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். அணைக்க வேண்டுமா? வால்வை மூடிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். (இதைப் பெட்ரோமாக்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கவுண்டமணி காமெடியால் தமிழ்நாடே அறிந்த அந்த விளக்கு மண்ணெண்ணெயில் ஓடுவது. அதன் ஒளி மேண்டிலில் இருந்து வருவது.)

வீட்டு ஜெனரேட்டர்கள் மின்சாரம் வர வர மறைந்தன. அசிட்டிலீனை அசிட்டோனில் கரைத்துச் சிலிண்டரில் பத்திரமாக அடைக்கும் முறையை 1890களின் இறுதியில் பிரான்சில் ஜார்ஜ் கிளாட் குழுவினர் கண்டுபிடித்தது இன்னொரு காரணம். இதே கிளாட்தான் பின்னாளில் நியான் விளக்கைக் கொண்டுவந்தவர். இன்று வெல்டிங் பட்டறையில் நிற்கும் அசிட்டிலீன் சிலிண்டருக்குள் இருப்பது அந்த முறைதான்.

கல் மட்டும் பழ மார்க்கெட்டுக்கு வந்து சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்திலேயே அது வாயு விடும், அந்த வாயு காயைப் பழுக்கத் தூண்டும். ஆனால் கல்லோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடுகளும் வருவதால் இந்தியாவில் இதற்குத் தடை. அனுமதிக்கப்பட்ட வழி எத்திலீன் வாயு.

2025 தீபாவளியின்போது இந்தக் கல் இன்னொரு வேலைக்கும் பயன்பட்டது. மத்தியப் பிரதேசத்தில், போபாலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும், பிளாஸ்டிக் குழாயில் கார்பைடும் தண்ணீரும் போட்டுச் சத்தம் எழுப்பும் 'கார்பைடு கன்' மலிவாக விற்றது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பார்த்துப் பல பிள்ளைகள் வாங்கினார்கள். கண் பாதிக்கப்பட்டு ஏராளமானோர் மருத்துவமனைக்கு வந்தார்கள், சிலருக்குப் பார்வையே போனது. அந்தக் குழாயில் டிரம் இல்லை, கூரைக்கு மேல் போகும் போக்குக் குழாயும் இல்லை. பற்றவைத்தும் வெடிக்கவில்லையே என்று உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்கு, நனைந்த கல் இன்னும் வாயு விட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை.