தலையை எண்ணினார்கள்; பெயரை எழுதவில்லை

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் ராஜபாட்டையில் உள்ளது கீரனூர். குளத்தூர்த் தாலூகாவின் தலைமையிடம். மழை பொய்த்தால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் ஜனங்கள் மூட்டை கட்டுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னே கண்டிச் சீமைக்குப் போனவர்கள் பலர். அவர்கள் வம்சத்தில் வந்த ஒருவர் இன்று கீரனூருக்கு வந்து, “என் முப்பாட்டன் எந்தக் கிராமத்தான்?” என்று கேட்பாரானால், எந்தக் கச்சேரியில் எந்தத் தஸ்தாவேஜை எடுத்து அவருக்குக் காட்டுவது?

கடல் கடந்த தமிழர் அனைவருக்கும் இந்தக் கதி நேர்ந்ததில்லை. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அது முதல் 1911 வரையில் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஏற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர். அவர்களுக்கு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதி வைத்தார்கள். மொரீஷியஸ் தீவிலோ புகைப்படமும் எடுத்து வைத்தார்கள். இது கருணையால் விளைந்ததன்று. ஓடிப்போனால் பிடிப்பதற்கு அடையாளம் வேண்டியிருந்தது. ஆயினும், விலங்காக எழுதிய ஏடு இன்று சந்ததியாருக்கு விளக்காகிவிட்டது.

இலங்கைக்குப் போனவனுக்கு அந்த விலங்கும் இல்லை; விளக்கும் இல்லை. மற்றக் குடியேற்றங்களுக்கு விதித்திருந்த கட்டுப்பாட்டை, இலங்கை விஷயத்தில் 1847ஆம் வருஷத்துச் சட்டம் நீக்கிவிட்டது. தோணியேறித் தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் கொண்டுபோனவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. உயிரோடு சேர்ந்தவன் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணி பெற்ற கூலிக்குத் ‘தலைக்காசு’ என்று பெயர். தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், அவன் கடன் தொகையைக் கண்ட ‘துண்டு’ ஒன்று வேண்டும். 1921இல் ஒழிக்கப்படும் வரையில் அத்துண்டே அவனுடைய ஜாதகமாய் இருந்தது. தலை இருந்தது, கடன் இருந்தது; ஊரும் குலமும் எழுதுவாரில்லை.

நம்மைப் போலவே பிரிட்டிஷ் ஆட்சியில் அல்லலுற்ற அயர்லாந்தைப் பாருங்கள். 1845இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தில் லட்சக்கணக்கான ஐரிஷ்காரர் கப்பலேறினர். 1922 ஜூனில், உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து பல நூற்றாண்டுக் காகிதம் சாம்பலாயிற்று. அவர்கள் சோர்ந்து அமர்ந்தார்களா? எஞ்சிய 1901, 1911ஆம் வருஷத்து ஜனக் கணக்குகளை, உலகெங்குமுள்ள ஐரிஷ் சந்ததியார் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். குற்றவாளியென்று ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட ஐரிஷ்காரனுக்குக்கூடப் பெயரும் பிறந்த இடமும் ஏட்டில் ஏறின. குற்றம் ஏதுமின்றி உழைக்கச் சென்ற நம் தமிழனுக்கு அந்த மரியாதையும் கிட்டவில்லை!

இது பழங்கதையாயிருந்தால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1948 மார்ச்சு 3ஆம் தேதி புதுக்கோட்டை ஸமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதே வருஷம் நவம்பரில் இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். பதிவு செய்யாத சர்க்காரே பதிவைக் காட்டு என்றது! 1949இல் வந்த மற்றொரு சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. உரிமை பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. 1964இல் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை மறுபடியும் தலைக்கணக்காகவே பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பின்னர் பார்த்துக்கொள்ளலாமென்று! கூலிகளை வழியனுப்பிய மண்டபம் முகாமே, திரும்பி வந்தவர்களையும் வரவேற்றது. நாடற்று எஞ்சியோருக்கு இலங்கைப் பார்லிமெண்ட் குடியுரிமை வழங்கச் சட்டம் செய்தது 2003இலே தான்.

காகிதமில்லாததால் வம்சமில்லையென்று ஆகிவிடுமா? நாம் பயின்ற சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உறவுமுறையை நேரில் அறிந்த ஒருவர், வழக்கு எழுமுன் சொல்லிவிட்டு இறந்தாரானால், அவர் வாக்கைச் சாட்சியமாக ஏற்கலாமென்றது 1872ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம். 2024 ஜூலை முதல் அதனிடத்துக்கு வந்த புதுச் சட்டத்திலும் அவ்விதி இருக்கிறது. வெள்ளையர் இயற்றிய சட்டமே பாட்டியின் வாய்மொழிக்கு மதிப்புத் தந்தது, நாம் தரவில்லை.

நேயர்களே! 2023இல் மலையகத் தமிழர், தம் முன்னோர் சென்று இருநூறு ஆண்டு ஆனதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் நடந்தார்கள். அக்கரையிலிருப்போர் தம் கடமையைச் செய்துவிட்டார்கள். இக்கரையிலிருக்கும் நாம் என்ன செய்தோம்? கிராமத்துக்கொரு நோட்டுப் புத்தகம் போதும். கண்டிக்குப் போனவர் யார், யாருடைய மகன், எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டுப் போனார், கடிதம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது — முதியவர்கள் நினைவில் இருப்பதைக் கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்தெழுதுங்கள். கீரனூர் வட்டார இளைஞர் இதைத் தொடங்கட்டும். அந்நிய ஆட்சி எழுதாமல் விட்டது அதன் குற்றம். இனியும் எழுதாமலிருந்தால் அது நம் குற்றம்.